கேட்காமலே குறைத்த விலை

ஐயா, அம்மா எழுதுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். நலம்தான். கால்வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. எனக்கு உன் மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பனவடலிசத்திரத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் கேட்கலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. அதனால்தான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். நாளைக்குக் கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் ரூமில் கூட இருக்கிற பையன்கள் வாங்கிப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களுக்கும் நாளைக்குப் பெண் பார்க்க வேண்டியதுதானே.

என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆனாலும் நான் பார்த்தபடி ஒரு தடவை சொல்கிறேன், கேள். அந்த வீட்டுப் பெண் பொன்செல்வியின் அப்பா நமக்கெல்லாம் நாற்காலி போட்டுவிட்டுத் தான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். வெயிலில் நின்று உளுந்தும் பருத்தியும் பார்க்கிற மனுஷன், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூச்சத்தோடு இருந்தார். அந்தப் பெண் காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போகாமல் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். திருநெல்வேலியில் கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறவள், நாலு பேரைப் பார்த்துப் பேசிப் பழகியவள். அவர் உன் வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னாய். பிறகு கேட்டார்: "வேலையெல்லாம் சரி தம்பி. சாயங்காலம் வேலை முடிஞ்சா என்ன செய்விய? பொழுது எப்படிப் போவும்?" அவ்வளவுதான் கேட்டார். நீ கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாய்: "முன்னால கொஞ்சம் நாடகம், கச்சேரி அது இதுன்னு சுத்திக்கிட்டு இருந்தேன் மாமா. இப்ப அதெல்லாம் விட்டாச்சு. ஆபீஸ் விட்டா ரூமுதான்." உன் பெரியப்பா பீடியை விட்டதைச் சொல்லுவாரே, அதே குரல். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்தாள். நீ கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஏதோ பதற்றத்தில் பொய் சொல்கிறான், வெளியே வந்ததும் காதைத் திருகிக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பி வரும்போது காரில் உங்கப்பா முன் சீட்டில் தூங்கிவிட்டார். "ஏன்ல அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நெசமாத்தாம்மா சொன்னேன். நேத்தே குரூப்புல மெசேஜ் போட்டுட்டேன், இனிமே வர மாட்டேன்னு" என்றாய். நான் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "கல்யாணம்னு ஆகப்போவுது. இனியும் வேஷம் கட்டிக்கிட்டு நிக்க முடியுமாம்மா? அவிய என்ன நெனைப்பாவ?" என்றாய். "அவிய கேட்டாவளால?" என்றேன். "கேக்குறதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா நல்லதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தாய். அன்றைக்கு ரயிலேறிப் போனவன்தான்.

கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் நல்லது! ஏலே, நீ யார் வீட்டுப் பிள்ளை? ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவள் பெற்ற பிள்ளை. இந்தக் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். நம் கடையில் வேலை பார்த்த சுடலை அண்ணனை மறந்துவிட்டாயா? கை சுத்தமான மனுஷன், ஆனால் வாடிக்கையாள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் அவருக்குப் பொறுக்காது. ஒரு நாள் மேலநீலிதநல்லூரில் இருந்து ஒரு அம்மா மகளுக்குச் சீர் எடுக்க வந்தாள். குத்துவிளக்கைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். கனம் பார்க்கிறாள், வேறொன்றும் இல்லை. உடனே சுடலை, "வெலையப் பாக்காதிய அக்கா, கொறைச்சுத் தாரோம்" என்றார். அவள் விளக்கைக் கவிழ்த்தாள். அடியைத் தடவினாள். "ஏன், இதுல ஒட்டுக் கிட்டு இருக்கா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று நான் எழுந்து போய்ச் சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை. எதிர்க்கடையில் போய் அதே விளக்கை, அதே பட்டறையில் செய்ததை, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு நம் கடை வழியாகவே போனாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "அவ வெலைய எங்க கேட்டா? நம்ம சரக்கு மேல நமக்கே சந்தேகம்னா வாங்குதவளுக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்று சுடலையைப் பிடித்து ஏசினேன். நீ பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் அந்தத் தப்பை, நீ செய்யலாமா? அவர்கள் விலை கேட்கவில்லை. பேரம் பேசவில்லை. நீயாகவே உன்னைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்து நிற்கிறாய்.

உன் நாடகத்துக்கு நான் முதலில் இருந்தே தலையாட்டிக்கொண்டிருந்தவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ சென்னைக்குப் போன புதிதில் சாயங்காலம் போன் பண்ணினால் பின்னால் ஒரே சத்தமாக இருக்கும். "கச்சேரி கேக்க வந்திருக்கேம்மா", "நாடகம் பாக்க வந்திருக்கேம்மா" என்பாய். நான் ஒரு வார்த்தை நம்பவில்லை. சம்பளம் வாங்குகிற பயல், கேட்க ஆளில்லை, நாடகம் என்று சொல்லிவிட்டு எங்கேயோ பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உங்கப்பாவிடம் புதுச் சரக்கு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பெருங்குடியில் உன் ரூம் வாசலில் வந்து நின்றேன். நீ பயப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்தம்மா, கெளம்பு, மயிலாப்பூருக்குப் போவோம்" என்றாய். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தாய்.

அந்த வாரம் முழுக்க என்னை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனாய்! ஒரு மண்டபத்தில் ஒரு பொம்பளை மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். நம் கடைக்கு வருகிறவர்கள் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்களே, அதைப் போய்ச் சங்கீதம் என்கிறார்களே என்று முதலில் சிரித்தேன், பிறகு அவள் விரலை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொரு நாள் கடற்கரைப் பக்கம் பையன்களும் பிள்ளைகளும் பறையடித்து ஆடினார்கள், நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு மாடியில் ஒரு சின்ன ஹால். மேடையும் கிடையாது, திரையும் கிடையாது. பாயில்தான் உட்கார வேண்டும். நடிக்கிற பெண்ணின் கால் என் முழங்காலை இடிக்கிற தூரத்தில் இருந்தது. முடிந்ததும் நீங்கள் எல்லோரும் டீக்கடை வாசலில் நின்று சண்டை போட்டீர்கள். அந்தப் பெண் கடைசியில் வீட்டை விட்டுப் போனது சரியா தப்பா என்று சண்டை. நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். வீட்டில் என்ன கேட்டாலும் "ம்", "சரி", "பாப்போம்" என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு பொண்ணு ஓடிப்போனதற்காக அப்படி வாதாடினாய். டீ ஆறிப்போனதுகூட உனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு இவ்வளவு பேச வருமா என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு வந்து உங்கப்பாவிடம், "நம்ம பயலுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல, நாடகம்தான்" என்று சொன்னேன். அவர், "அது எப்ப தெளியும்?" என்று கேட்டார். அவர் குணம் தெரிந்ததுதானே.

பிறகு நீயே நடிக்க ஆரம்பித்தாய். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுத் தெருவில் விட்ட கிழவன் வேஷம். நாங்கள் இரண்டு பேரும் வந்திருந்தோம். தலையில் மாவைப் பூசிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு நீ வந்தபோது உங்கப்பா, "யாருட்டி இது?" என்று என்னிடமே கேட்டார். கடைசியில் நீ ஒரு துணிமூட்டையை வைத்துக்கொண்டு நடுவில் நின்று, "இனி நான் எங்க போவேன்?" என்று கேட்டாய். எனக்கு அது நாடகம் என்பது மறந்து போயிற்று. என்னை அறியாமல், "ஏன், நம்ம வீட்டுக்கு வாலே" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன், ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். எனக்கு அப்படியே பாய்க்குள் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. பிள்ளை இத்தனை மாதம் பாடுபட்டதைக் கெடுத்துவிட்டேனே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. அந்தக் கிழவனாகவே மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்து போனாய். சிரித்த கூட்டம் கப்சிப்பென்று ஆயிற்று. என் பக்கத்தில் இருந்த ஒரு பையன் மூக்கை உறிஞ்சினான். யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள், நீ எனக்கு அனுப்பினாய், நான் அதைச் சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் அனுப்பி வைத்தேன்.

இப்போது சொல். அன்றைக்கு ஊர்பேர் தெரியாத அத்தனை பேர் சிரித்தபோது வெட்கப்படாதவன், கட்டிலில் உட்கார்ந்து பொழுது எப்படிப் போகும் என்று கேட்ட ஒரு அப்பாவி மனுஷன் முன்னால் எதற்கு வெட்கப்பட்டாய்? என்னைப் பார்த்துக் கும்பிட்டதும் இதே ஆள்தானே? அந்த ஆளை எங்கே கொண்டுபோய்த் தொலைத்தாய்?

நல்ல மாப்பிள்ளை என்று பெயர் வாங்க ஆசை உனக்கு. உங்கப்பாவும் அப்படித்தான் வாங்கினார். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அம்மா, "மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுன்னாலும் சரிதான்" என்றாராம். ஆகா, எவ்வளவு நல்ல பையன் என்று வீடே மெச்சிக்கொண்டது. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து வாரம் தவறாமல் உளுந்தங்களி கிண்டிப் போட்டேன். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெயை ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அவரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவார். நீ பள்ளிக்கூடம் போகிற வயசில் உன் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். அங்கே பந்தியில் களியை வைக்க வந்தவளை உன் அத்தை தடுத்து, "அவனுக்கு வைக்காத, சின்னதுலேருந்து அவனுக்கு உளுந்து வாடையே ஆவாதே" என்றாள். நான் இலை முன்னால் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கேசரியைப் பார்த்தாய் பார், அதே பார்வை.

வீட்டுக்கு வந்து போட்ட சண்டையில் கூரை பிய்ந்திருக்கும். "ஒன் மனசு நோவக்கூடாதுன்னுதான் சொல்லல" என்றார். என் மனசாம்! இத்தனை வருஷம் பிடிக்காததை ஊட்டியிருக்கிறேன், அதுவும் ஆசை ஆசையாக. என்னைப் பார்த்து வாராவாரம் உள்ளுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்ட ஒரு மனுஷனோடு, அது தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். களி போகட்டும், வேறு எதிலெல்லாம் இப்படித் தலையாட்டியிருக்கிறாரோ என்று அதற்குப் பிறகு எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. கடைக்குக் கண்ணாடி அலமாரி போட்டது அவருக்குப் பிடித்துத்தானா, உனக்கு வைத்த பெயர் பிடித்துத்தானா என்று ஒவ்வொன்றாகத் தோண்டித் தோண்டிக் கேட்டேன். பிடிக்காததைப் பிடிக்கும் என்பதும், பிடித்ததை வேண்டாம் என்பதும் விட்டுக்கொடுப்பது இல்லை, தம்பி. கூட வாழ வருகிறவள் கண்ணைக் கட்டிவிடுகிற வேலை அது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அதெல்லாம் இல்லாததை உண்டு என்று சொல்லுகிற பொய். உள்ளதை இல்லை என்று சொல்லிக் கல்யாணம் பண்ணுகிறவனை நம் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

நாளைக்கு அந்தப் பெண் வந்து, "வாரம் பூரா நாடகம் நாடகம்னு போயிட்டா நான் என்ன செய்ய?" என்று சண்டை போட்டால், அப்போது குறைத்துக்கொள். நாலு நாளை இரண்டு நாளாக்கு. அவளையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதே, அவளுக்கு வேறொன்று பிடிக்கும், அதற்கு நீ கூடப் போய் உட்கார். அவள் கேட்டு நீ விட்டால் அது குடும்பம். கேட்காமலே விட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்றதும், "ஒனக்காகத்தான எல்லாத்தையும் விட்டேன்" என்று அவள் கணக்கில் எழுதுவாய். எழுதாமல் இருக்க மாட்டாய், எனக்கு ஆம்பிளைகளைத் தெரியும். அவள் கேட்கவே கேட்காத ஒன்றுக்கு அவள் ஆயுசு முழுக்க உன்னிடம் நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டுமா?

சரி, விடுவதென்றே முடிவு செய்தாய், அதை ஆம்பிளை மாதிரி நேரில் போய்ச் சொன்னாயா? திங்கட்கிழமை கடைப் போனுக்கு ஒரு அழைப்பு. "அம்மா, நான் ரோஸ்லின். உங்க பையன் நடிக்கிற நாடகத்த நடத்துறவ" என்றது குரல். நாகர்கோவில்காரி, பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டுச் சாயங்காலம் உங்களோடு வந்து கத்துகிற டீச்சர், எனக்கு அவளைத் தெரியும், அந்த டீக்கடை வாசலில் எனக்குப் பன் வாங்கிக் கொடுத்தவள். "அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? சொந்தக் காரணம்னு மட்டும் மெசேஜ் போட்டிருந்தான். போன எடுக்க மாட்டேங்கான். பயந்து போயிட்டோம்" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்ல? உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முதுகெலும்பைத்தான் காணோம் என்று சொல்லவா? வருகிற சனிக்கிழமை நாடகம். நீதான் அந்த அடுக்குமாடி வீட்டுக் காவலாளி, தொடங்கினதில் இருந்து முடிகிற வரைக்கும் இடத்தை விட்டு நகராத வேஷம். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வருகிற பெண் ஒருத்தி, ஆபீசில் முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பி வருகிற பையன் ஒருத்தன், எல்லோரும் உன்னை நம்பிச் சுற்றி நிற்கிறார்கள். நம் கடையில் முகூர்த்தத்துக்கு முன்னால் தருகிறேன் என்று சொல்லிய அண்டாவை என்றைக்காவது தராமல் இருந்திருக்கிறோமா? காய்ச்சலோடு உங்கப்பா ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அந்தக் கல்யாண வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டார். அவர் களி விஷயத்தில் பொய் சொன்னவர்தான், சொன்ன வாக்கில் பொய் சொல்லாதவர். ரோஸ்லின் உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் அந்த வேஷத்தக் கொடுக்க மாட்டேம்மா. வந்துருவான்னுதான் தோணுது" என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை பொன்செல்வியின் அப்பா பேசினார். "தங்கச்சி, தப்பா நெனைக்காதிய" என்று ஆரம்பித்து ரொம்ப நேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "தம்பி நாடகத்த விட்டாச்சுன்னு சொன்னாவ. நாடகம்னா வெறும் நாடகந்தானா, இல்ல அதோட சேந்து குடி கிடின்னு எதுவும் உண்டுமா? விட்டாச்சுன்னு சொல்லுத அளவுக்கு அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயாகப் போய்ச் சொன்னால், கேட்கிறவர் குதிருக்குள் எட்டிப் பார்க்கத்தான் செய்வார். அவர் மேல் என்ன தப்பு? "அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. நாடகம்னா நாடகந்தான்" என்றேன். "அப்பம் ஏன் விட்டாவ?" என்றார். அவரே சொன்னார்: "நான் அன்னைக்குக் கேட்டது வேற ஒண்ணுக்கும் இல்ல தங்கச்சி. எம்மவ இங்கன வீடு நெறைய ஆளோட வளந்தவ. அங்கன வந்து சாயங்காலம் ஆனா நாலு சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பாளோன்னுதான் கேட்டேன். தம்பி ஆபீஸ் விட்டா ரூமுன்னுட்டாவ. அதுலேருந்து எனக்கு ஒறக்கம் இல்ல." கேட்டாயா? அந்த மனுஷன் மகளை நினைத்துக் கேட்டிருக்கிறார். எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா பாட்டு உண்டு, நாடகம் உண்டு, டீக்கடை உண்டு, நாலு நல்ல சேக்காளிகள் உண்டு, நீங்க கவலைப்படாதிய மாமா என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிட்டு வந்திருப்போம். கையில் இருந்த நல்ல பதிலை எறிந்துவிட்டு, அவர் எதற்குப் பயந்தாரோ அதையே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாய்.

நேற்று அந்தப் பெண்ணே பேசினாள். முகூர்த்த நாள் என்பதால் கடையில் நல்ல கூட்டம். பித்தளைப் பானை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். "அத்தை, நேராக் கேக்கலாமா?" என்றாள். "கேளு தாயி" என்றேன். "நீங்க சொந்தக்காரவியளுக்கு அனுப்புன வீடியோ சுத்திச் சுத்தி எங்கிட்டயும் வந்துச்சு. அதுல நீங்க என்னமோ சொன்னதும் எல்லாரும் சிரிக்காவ. அவிய மட்டும் உங்களப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போறாவ. அதப் பாத்துட்டுத்தான் அத்தை, அவியள வரச் சொல்லுங்கப்பான்னு நானா சொன்னேன். ஆனா வந்தது அவிய இல்ல. யாரோ ஒரு நல்ல பையன் வந்து உக்காந்துட்டுப் போனாவ" என்றாள். குரலில் கோபமில்லை, குறை சொல்லவில்லை. கடையில் வேறு யார் பெயரையோ வெட்டிக் கொடுத்துவிட்ட பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள்கூட இதைவிடச் சத்தமாகப் பேசுவார்கள். யாரோ ஒரு நல்ல பையன்! நீ வாங்க ஆசைப்பட்ட பெயர் அதுதானே? வாங்கிவிட்டாய். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளாமல், "வார சனிக்கிழமை அங்கன ஒரு நாடகம் இருக்கு தாயி. நானும் மாமாவும் போறோம். நீ வாரியா?" என்றேன். போனைப் பொத்திக்கொண்டு அவள் அப்பாவிடம் என்னவோ பேசினாள். திரும்ப வந்து, "அப்பாவும் நானும் வாரோம் அத்தை" என்றாள். ஆகவே நாங்கள் நாலு பேரும் வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறோம். நீ இருந்தாலும் வருவோம், இல்லாவிட்டாலும் வருவோம். ரோஸ்லினிடம் நான் உனக்காகக் கெஞ்ச மாட்டேன். புதன்கிழமை வரைக்கும் அவள் பார்ப்பாள், அதற்குள் நீ போய் நின்று மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் உன் பாடு. பொன்செல்வியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும், அதை நான் மென்று முழுங்கி அழகாக்கிச் சொல்லப் போவதில்லை.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. போனை வைப்பதற்கு முன்னால் அவள் இன்னொன்று கேட்டாள். உன்னைப் பெற்றதில் இருந்து உன்னைப் பற்றி யார் எது கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொன்னவள் நான். எந்தக் கறிக்கு மூஞ்சியைச் சுளிப்பாய், எந்த வாத்தியாருக்குப் பயப்படுவாய், காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. உன்னைப் பற்றி உன்னைவிட எனக்குத்தான் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சனிக்கிழமை அவிய அங்க இருப்பாவளா அத்தை?" கடை நிறைய ஆள் நிற்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு, உன்னோடு வாழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடம், "எனக்குத் தெரியலயே தாயி" என்று சொன்னேன்.

பதில் தெரியாமல் நிற்கும்,
உன் அம்மா